வண்டி வாங்கியாச்சு, அடுத்து என்ன? செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் செடான் கேள்வி-பதில்

2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 வாங்கியிருக்கிறேன். 68,000 கி.மீ. ஓடியது, நான் இரண்டாவது ஓனர். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் தொடாமல் எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றுவது) போட்டால் ஒரே நாளில் 300 குதிரைசக்தி பக்கம் போய்விடலாம் என்கிறார்கள். அதிலேயே ஆரம்பிக்கலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். ரீமேப் எங்கும் ஓடிப்போகாது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆன டர்போ வண்டியில் முந்தைய ஓனர் எதில் காசை மிச்சம் பிடித்தார் என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. அதைப் பார்க்காமல் பவரை ஏற்றினால், ஏற்கெனவே தேய்ந்திருக்கும் பாகம் சீக்கிரம் போகும். அவ்வளவுதான் லாபம்.

முதல் வாரத்திலேயே எல்லா ஆயிலையும் மாற்றுங்கள். இந்த 2.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 5.7 லிட்டர் ஆயில் பிடிக்கும். டப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் தர எண்ணான விடபிள்யூ 502 00 அல்லது 504 00 என்று அச்சிட்டிருக்க வேண்டும். மாற்றிய பிறகு 1,000 கி.மீ. ஓட்டி, டிப்ஸ்டிக்கில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அரை லிட்டர் குறைந்தால் அது கம்பெனி அனுமதிக்கும் எல்லை. அந்த எஞ்சினை ரீமேப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். உங்கள் வண்டியில் இருப்பது டிக்யூ250 என்ற ஆறு கியர் டிஎஸ்ஜி; ஆயிலில் நனைந்தே இருக்கும் இரட்டை கிளட்ச் (வெட் கிளட்ச்) கொண்ட ஆட்டோமேட்டிக். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சர்வீஸ் பில்லில் அந்த வரி இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு லிட்டர் டிஎஸ்ஜி ஆயில் வாங்கினால் போதும். இதில் பலர் கோட்டை விடுவது லெவல் பார்க்கும் முறையில். ஆயில் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லெவல் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக வழிய வேண்டும். நன்றாகச் சூடேறிய வண்டியில் பார்த்தால் ஆயில் விரிந்து வழிந்துவிடும், உள்ளே அளவு குறையும், கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும். ஸ்கேனரில் சூட்டைப் பார்க்காமல் வேலையை முடிக்கும் கடையில் இதைச் செய்யாதீர்கள்.

கூலன்ட் டப்பாவில் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதா? இந்த எஞ்சினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கும். அந்தக் கூடு நாளடைவில் வளைந்து கசியும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது. கியர்பாக்ஸ் மேலேயே காய்ந்து இளஞ்சிவப்பாகப் படிந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். படிவு இருந்தால் கூட்டை முழுசாக மாற்றுங்கள், ஸீல் மட்டும் மாற்றுவது வீண் வேலை.

இனி டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டிய ரப்பர், மேல்பட்டை தேயாமல் நன்றாக இருந்தாலும், இறுகியிருக்கும்; மழையில் அது தெரியும்போது தாமதமாகியிருக்கும். 350 நியூட்டன் மீட்டர் டார்க்கை முன் சக்கரங்கள் இரண்டு மட்டும்தான் தரைக்கு இறக்குகின்றன. முதல் இரண்டு கியரில் இப்போதே வழுக்கும் வண்டிக்குப் பவரைக் கூட்டினால் கூடுதலாக வருவது டிராக்‌ஷன் விளக்கின் மினுக்கல்தான்.

18 அங்குல ரிம்மில் 225/40 டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ. உயரம். 17 அங்குலத்தில் 225/45 போட்டால் 101 மி.மீ. மொத்த விட்டம் மூன்று மி.மீ.தான் மாறும், ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாது. நம் ஊர் மூடாத பள்ளங்களுக்கு அந்த 11 மி.மீ. ரப்பர் எவ்வளவோ மேல். ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு ரிம்மைச் சின்னதாக்குவதா என்று கேட்பவர்கள், வளைந்த அலாய்க்குக் காசு கொடுத்திராதவர்கள். ஆனால் ரிம்மை மாட்டிப் பார்த்து, பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஹப் துளை 57.1 மி.மீ.; ரிம் துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் கட்டாயம், இல்லையேல் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் அடித்துவிட்டுப் போவதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டயர் மாற்றிய கையோடு வீல் அலைன்மென்ட். இந்த வண்டியின் பின்பக்கம் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன், பின் சக்கரங்களின் டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரிசெய்யலாம். முன் சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பும் கடைகள் நிறைய உண்டு. நான்கு சக்கர அளவும் உள்ள பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல டயர் நான்கும் அலைன்மென்ட்டும் சேர்ந்து உங்கள் தொகையில் பாதியைத் தின்றுவிடும். ஆயில்கள், ஸ்பார்க் பிளக், பிரேக் வேலை மீதியில் பெரும்பங்கை எடுக்கும். மிச்சமிருப்பதில் இரண்டு விஷயம் செய்யலாம். எஞ்சினுக்குக் கீழே அதை ஆடாமல் பிடித்திருக்கும் டாக்போன் மவுன்ட்டுக்குப் பாலியூரித்தேன் இன்சர்ட்: விலை குறைவு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் பின்னால் சாய்ந்து முன் சக்கரம் குதிப்பது குறையும். ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் அதிர்வு கூடும், அது அதன் விலை. கழற்றிய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். அவை இழுபட்டு இறுகும் வகை, ஒருமுறைக்குத்தான். இரண்டாவது, கனமான பின்பக்க ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). வளைவில் பின்பக்கமும் பாரத்தில் பங்கெடுப்பதால் முன் டயர் வெளியே தள்ளிக்கொண்டு போவது குறையும். முதலில் இருப்பதிலேயே மென்மையாக வேலை செய்யும் துளையில் மாட்டி, ஒரு மழைக்காலம் ஓட்டிவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ரீமேப் ஆசை இருந்தால், ஒரு கணக்கு. டிக்யூ250 கியர்பாக்ஸுக்கு உற்பத்தியாளர் சொல்லும் டார்க் எல்லை 350 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி ஸ்டாக்கிலேயே, அதாவது கம்பெனி கொடுத்த நிலையிலேயே, அங்கே நிற்கிறது. ஸ்டேஜ் 1 அதை 400-க்கு மேல் கொண்டுபோகும். எஞ்சினுக்கு மட்டும் மேப் போட்டுக் கியர்பாக்ஸ் மென்பொருளைத் தொடாமல் விட்டால் கிளட்ச் நழுவும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே விலை கேளுங்கள். பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் வைக்கச் சொல்லுங்கள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கூடும்போது அகலமான இடைவெளியில் பொறி அணைந்துபோகும்.

பெட்ரோலையும் பாருங்கள். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோல் 95 ஆக்டேன். எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் பெரிய ஊர்களில் சில பங்குகளில்தான். 100 ஆக்டேனுக்கு மேப் போட்டுவிட்டு, நான்கு வழிச்சாலையில் நடுராத்திரி கிடைத்த பெட்ரோலை ஊற்றினால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி எரிந்து தட்டுவது) வரும், கணினி பொறி விடும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், காசு கொடுத்து வாங்கிய பவர் காணாமல் போகும். நீங்கள் வழக்கமாக ஊற்றும் பெட்ரோலுக்கே மேப் கேளுங்கள். மேப் போட்டபின் ஆறாவது கியரில், 1,800 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் பிஸ்டன் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

முந்தைய ஓனர் ஏற்கெனவே ரீமேப் போட்டிருந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் ‘எல்லாமே ஸ்டாக்’ என்கிறார்.
– வாசகர், மதுரை

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்கேனரில் இசியூ எனும் எஞ்சின் கணினியின் மென்பொருள் எண்ணோடு சிவிஎன் என்ற சரிபார்ப்பு எண்ணும் வரும். அதே மாடல், அதே மென்பொருள் எண் கொண்ட இன்னொரு ஸ்டாக் வண்டியின் சிவிஎன்னோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் கை வைத்திருக்கிறார்கள். கெட்டிக்கார டியூனர்கள் இதையும் மறைப்பதுண்டு, ஆகவே பவரையும் டார்க்கையும் அளக்கும் டைனோவில் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. ஸ்டாக் அளவைவிடத் தெளிவாகக் கூடுதல் டார்க் வந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஏர் பாக்ஸ் திருகுகளில் கீறல், புது இன்டேக் கிளாம்ப், கருகிய சைலன்சர் முனை ஆகியவையும் கதை சொல்லும். போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், யார் போட்ட மேப் என்று தெரியாத வரை ஸ்டாக் மென்பொருளுக்குத் திருப்பிவிடுங்கள்.

செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஒரு டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) ஓட்ட ஆசை. பெரிய பிரேக் கிட் வாங்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

இப்போதைக்கு வேண்டாம். கரி 2.1 கி.மீ. நீளமுள்ள சின்ன டிராக். நேர்பாதை குறைவு, வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிரேக் ஆற நேரமே கிடைக்காது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இப்போதைய முன்சக்கர ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் வளைவில் உள்பக்கச் சக்கரத்தை மின்னணு அமைப்பே லேசாகப் பிரேக் பிடிக்கும். நீங்கள் பெடலைத் தொடாதபோதும் முன் டிஸ்க் சூடேறிக்கொண்டே இருக்கும்.

நடுவில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் கொதித்தது பிரேக் ஆயில். பெடல் கல்போல் நிற்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் போனது பிரேக் பேட். ஆயில் பிரச்சினைக்குப் பெரிய டிஸ்க் வாங்குவதில் அர்த்தமில்லை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155. டாட் 5.1-க்கு இவை 260, 180. ஒரு லிட்டர் புது ஆயிலால் நான்கு சக்கரத்தையும் ஃபிளஷ் செய்யுங்கள். டாட் 5 என்று எழுதியிருப்பதை வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கான். இந்த வண்டிகளுக்கு ஆகாது.

பேட் விஷயத்தில், சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான வகையை எடுங்கள். முழு ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது. காலையில் வீட்டு வாசலில் முதல் பிரேக்கே பயமுறுத்தும். புது பேட்டைப் பழக்குவதற்கு, காலியான சாலையில் 80-லிருந்து 20 கி.மீ. வரை எட்டுப் பத்துமுறை அழுத்திக் குறையுங்கள், ஒருமுறைகூட முழுசாக நிறுத்தாமல். பிறகு கால் மணி நேரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிராக்கில் ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை மெதுவான சுற்று ஒன்று. பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) வந்தபின் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டித் தடம் விழும், பிறகு பெடல் அதிரும். பார்க்கில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

2014 பிஎம்டபிள்யூ 328ஐ. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயரைத் தூக்கிவிடலாமா? அடுத்து பவரைக் கூட்டும் டியூன் பாக்ஸ் போடும் எண்ணம்.
– வாசகர், சென்னை

ரன்-ஃபிளாட்டை மாற்றுவது உங்கள் வண்டிக்குச் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம். அதன் கெட்டியான பக்கச்சுவர் இல்லாமல் போனால் சஸ்பென்ஷனே வேறு மாதிரி இருக்கும். பூட்டில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் மோட்டாரும் வையுங்கள், டயர் அழுத்த எச்சரிக்கையை மெனுவில் ரீசெட் செய்யுங்கள். டயரின் லோடு எண் (தாங்கும் எடையைக் குறிப்பது) பழையதைவிடக் குறையக் கூடாது.

டியூன் பாக்ஸை மறந்துவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானட்டைத் திறந்து காதைக் கொடுங்கள். உங்களுடையது என்20 எஞ்சின். 2015 தொடக்கம் வரை வந்தவற்றில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் நொறுங்குவது தெரிந்த குறை. ஆர்பிஎம் ஏற ஏறச் சங்கு ஊதுவதுபோல் ஒரு ஊளைச் சத்தம் வந்தால், அது ஆயில் பம்ப் செயின். அடுத்த சர்வீஸில் எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை இறக்கிப் பாருங்கள். பழுப்பு பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அவை பம்பின் உறிஞ்சு குழாயை அடைக்கும். ஆயில் அழுத்தம் போய், எஞ்சினும் போகும். செயின், கைடு, ஆயில் பம்ப் செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடலாம்.

எல்லாம் சுத்தமாக இருந்தால், டியூனுக்கு முன், டர்போ அழுத்திய காற்றை த்ராட்டிலுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் சார்ஜ் பைப்பை அலுமினியத்துக்கு மாற்றுங்கள். பூஸ்ட் கூடினால் முதலில் வெடிப்பது அதுதான்: ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி நகராது.

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி 1.5, டிஎஸ்ஜி. ரீமேப்?
– வாசகர், திருச்சி

வேண்டாம். அந்த ஏழு கியர் பாக்ஸ் டிரை கிளட்ச், எல்லை 250 நியூட்டன் மீட்டர்; எஞ்சின் தருவதும் 250. ஆயிலில் குளிராத கிளட்ச் நகர நெரிசலில் ஏற்கெனவே சூட்டோடு போராடுகிறது. டயரும் பேடும் வாங்குங்கள்.

சைலன்சர், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்), வண்டி உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் – இவற்றில் எது சட்டப்படி சரி?
– வாசகர், சேலம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சத்தம், புகை அளவை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் இந்தப் பிரிவில் நேராக மாட்டும்.

லோயரிங் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை சட்டத்துக்கு முன்பே உங்கள் தெரு வேகத்தடை தடுத்துவிடும். 30 மி.மீ. இறக்கினால் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ராடு அவ்வளவு தூரம் உள்ளே போய் நிற்கும். அசைய மிச்சமிருக்கும் இடம் குறைந்து சீக்கிரமே பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடுப்பில் இடிக்கும், 70,000 கி.மீ. ஓடிய டேம்பர் அடுத்த சில மாதத்தில் ஆயில் கசியும். சஸ்பென்ஷனில் காசு போட்டே ஆக வேண்டுமென்றால், ஸ்டாக் உயரத்திலேயே நான்கு புது டேம்பர், டாப் மவுன்ட், பம்ப் ஸ்டாப் போடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எதையும் எழுத்தில் தெரிவிக்காமல் மாற்றாதீர்கள். க்ளெய்ம் வரும் நாளில் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டிக்குக் கீழேதான்.