பில்தாத் சொன்ன வாக்குத்தத்தம்

அன்புள்ள ஐயா,

சிறுவயதிலிருந்தே வேதம் வாசிக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல்வரை வாசித்து முடித்துவிடுவேன். மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களும் நிறைய. சில மாதங்களுக்கு முன் எங்கள் சபையில் வாலிபப் பெண்களுக்கான வேதபாடக் குழுவை நடத்தும்படி கேட்டார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. விளக்கவுரையைத் திறந்து குறிப்பெடுத்துக்கொண்டு போய் வாசிக்கிறேன். அவர்கள் அமைதியாகக் கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். "இந்தப் பகுதி உங்களோடு என்ன பேசியது?" என்று கேட்டால், எந்தப் பகுதியாக இருந்தாலும் "தேவன் என்னை நேசிக்கிறார், அவரை நம்பவேண்டும்" என்பதுதான் பதில்.

வேதத்தை எப்படிப் படிப்பது, அப்படிப் படிக்கப் பிறருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மூத்த ஒருவரிடம் கேட்டேன். "முறை கிறை எல்லாம் எதற்கு? ஆவியானவர் போதிப்பார்" என்றார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

வருடாந்திர வாசிப்பை விட்டுவிடாதீர்கள். மொத்தம் 1189 அதிகாரம், தினம் மூன்று நான்கு வாசித்தால் வருடத்தில் முடிந்துவிடும். அப்படி ஓடிப் படிப்பதில் முழு வேதமும் எங்கே எது இருக்கிறது என்று பழகிவிடுகிறது. ஆனால் அந்த வேகத்தில் எந்த இடத்திலும் நின்று கேள்வி கேட்க முடியாது. மனப்பாட வசனத்தின் குறை வேறு மாதிரி: அது தனியாகவே மனதில் உட்கார்ந்துவிடுகிறது, அக்கம்பக்கம் இல்லாமல். உங்களிடம் முழுப்புத்தகமும் இருக்கிறது, ஒற்றை வசனங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவு, அதாவது ஒரு சம்பவம், ஒரு உரையாடல், ஒரு நிருபத்தின் (அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தின்) ஒரு வாதம், அதுதான் விடுபட்டிருக்கிறது. வேதபாடம் நடப்பது அந்த அளவில்தான்.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. தேவன் தரும் உறுதிமொழியாக வாக்குத்தத்த அட்டைகளில் வருகிறது, சுவரில் தொங்குகிறது, புதிதாக எதையாவது தொடங்குகிறவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். உங்கள் குழுவிலும் பாதிப்பேருக்கு இது தெரிந்திருக்கும். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதைச் சொன்னது யார்?

பெரும்பாலும் "கர்த்தர்" என்பார்கள். எட்டாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். சொன்னவன் பில்தாத், யோபின் மூன்று நண்பர்களில் ஒருவன். யாரிடம் சொல்கிறான்? ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் இழந்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம். இந்த அழகான வரிக்கு மூன்று வசனம் முன்னால் என்ன சொல்கிறான் தெரியுமா? உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் தேவன் அவர்களை அந்தப் பாவத்துக்கே ஒப்புக்கொடுத்துவிட்டார் என்கிறான். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது! அடுத்து ஆறாம் வசனத்தில் ஒரு நிபந்தனை: நீ சுத்தமும் செம்மையுமாக இருந்தால். அந்த "இருந்தால்" வழியாகத்தான் ஏழாம் வசனத்துக்கே வருகிறான். நல்லவனுக்கு நல்லது நடக்கும்; உனக்குக் கெட்டது நடந்திருக்கிறது; ஆகவே கணக்கைச் சரிபார்த்துக்கொள். பில்தாத்தின் வாதம் மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போது கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். 42:7-ல், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். சரி, அப்படியானால் அந்த அட்டையைக் கழற்றிவிடலாமா? இன்னும் ஐந்து வசனம் தள்ளிப் படியுங்கள். 42:12: "கர்த்தர் யோபின் முன்னிலைமையைப் பார்க்கிலும் அவன் பின்னிலைமையை ஆசீர்வதித்தார்." பில்தாத் சொன்ன முடிவு அப்படியே நடந்திருக்கிறது! அவன் சொன்ன காரணத்துக்காக மட்டும் நடக்கவில்லை. யோபு தன் பாவத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததால் வந்ததல்ல அந்த ஆசீர்வாதம். தன்னைக் குத்திக்கொண்டே இருந்த அதே நண்பர்களுக்காக அவன் ஜெபித்தபோது வந்தது. அது 42:10-ல் இருக்கிறது.

இவ்வளவையும் பார்க்க எந்த விளக்கவுரையும் தேவைப்படவில்லை, மூலமொழியும் தேவைப்படவில்லை. யார் சொன்னது, யாரிடம், எப்போது, முன்னால் என்ன, பின்னால் என்ன, கடைசியில் என்ன ஆனது என்று கேட்டதுதான். வேத ஆராய்ச்சி என்று பெரிய பெயரில் சொல்வதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். அந்த வசனத்தை நம்பிக் கடினமான காலத்தைக் கடந்து வந்த ஒருவர் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். "நீ தப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்" என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். 42 வரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவருக்கு முன்னைவிட அதிகமாகவே கிடைக்கும்.

வசனம் வசனமாகப் பிய்த்து வாசிக்கும் பழக்கத்துக்கு அச்சிட்ட பக்கத்துக்கும் பங்குண்டு. எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் அதற்கும் பிந்தியவை. 1551-ல் ராபர்ட் எத்தியென் என்ற அச்சகக்காரர் தம் கிரேக்கப் பதிப்பில் போட்டவை. பயணம் போகிற வழியில் பிரித்ததாக அவருடைய மகனே எழுதிவைத்திருக்கிறார். சில இடங்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. அதிகாரப் பிரிவிலும் இதே சிக்கல் உண்டு. ஏசாயா 53-ஐ முதல் வசனத்திலிருந்து வாசிக்கிறோம், ஆனால் அந்தப் பாடல் தொடங்குவது 52:13-ல். 1 கொரிந்தியர் 13 திருமணங்களில் வாசிக்கப்படுகிறது. 12-ஐயும் 14-ஐயும் சேர்த்துப் படித்தால், ஆவியின் வரங்களை வைத்து மல்லுக்கு நிற்கும் ஒரு சபையின் நடுவில் அது நிற்பது தெரியும். எண்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

இனி உங்கள் குழு. "உங்களோடு என்ன பேசியது?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். என்னைக் கேட்டால், வேதபாடத்தை இந்த அளவுக்குக் கெடுத்த கேள்வி வேறில்லை. இன்னும் பகுதியையே பார்க்காதவரிடம் அதைக் கேட்டால், ஏற்கெனவே கையில் இருக்கிற பதிலைத்தானே எடுத்து நீட்டுவார்? உங்களுக்குத் திரும்பத் திரும்ப ஒரே பதில் வருவது அதனால்தான். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மாற்கு 5:21 முதல் 43 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் சாகக்கிடக்கும் மகள், நடுவில் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) பெண். வசன எண்களையும் தலைப்புகளையும் நீக்கி, ஓரத்தில் இடம் விட்டு அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். அப்புறம் பத்து நிமிடம் யாரும் பேசவேண்டாம், அவரவர் பென்சிலோடு பார்க்கட்டும். இரண்டு கதைகளிலும் ஒத்துப்போவது எது, எதிரெதிராக இருப்பது எது? அவ்வளவுதான் வேலை.

யாராவது பன்னிரண்டைக் கண்டுபிடிப்பார்கள்: பெண்ணுக்குப் பன்னிரண்டு வருட நோய், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. இன்னொருவர், இருவருமே இயேசுவின் முன் விழுகிறார்கள் என்பார். யவீருவுக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவன் எல்லாரும் பார்க்க முன்னால் வருகிறான், அவள் கூட்டத்துக்குள் பின்னால் வருகிறாள். அந்தச் சிறுமிக்காகக் கெஞ்ச ஒரு தகப்பன் இருக்கிறான். இந்தப் பெண்ணை இயேசுவே "மகளே" என்று கூப்பிடுகிறார். நீங்கள் தயாரித்துக்கொண்டு போனதில் இல்லாத ஒன்றைக்கூட யாராவது சொல்லக்கூடும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் பார்க்கும்படி.

இதற்குப் பிறகு ஒரே ஒரு நல்ல கேள்வி போதும். அந்தப் பெண் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் யவீரு என்ன செய்துகொண்டிருந்தான்? தவித்திருப்பான், கோபப்பட்டிருப்பான் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். "எந்த வரியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தேடுவார்கள், இருக்காது. மாற்கு அவனைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதியிருப்பதையும் நாமே நிரப்பிக்கொள்வதையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது இங்கேதான். ஊகிப்பது தப்பில்லை, ஊகம் என்று தெரிந்திருந்தால் சரி. எழுதியிருப்பது என்ன? பயந்து நடுங்கி வந்தவளிடம் "உன் விசுவாசம்" என்று இயேசு பேசி முடிப்பதற்குள் மகள் இறந்துவிட்ட செய்தி வருகிறது. உடனே யவீருவிடம் சொல்வது: "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு." அவளுடைய பயம், அவளுடைய விசுவாசம், இரண்டும் அடுத்த வரியில் அவனுக்கான பேச்சாகிவிடுகின்றன. அவன் பக்கத்தில் நின்று பார்த்தது வீணாகிப்போன நேரம்தானா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிட மௌனம் நடத்துகிறவருக்கு அரைமணி நேரம்போல இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு நீங்களே இரண்டு முறை பதில் சொல்லிவிட்டால், மூன்றாவது முறை யாரும் யோசிக்கமாட்டார்கள்.

எதியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு நடந்துகொண்ட விதத்தையும் ஒருமுறை படித்துப்பாருங்கள், அப்போஸ்தலர் 8. மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டிருக்கிறார். பிலிப்பு முதலில் கேட்பது, வாசிப்பது விளங்குகிறதா என்று. யாராவது விளக்காமல் எப்படி விளங்கும் என்கிறார் அவர், ரதத்தில் ஏறச்சொல்கிறார். அப்புறம் சரியான கேள்வியைக் கேட்பது மந்திரிதான்: தீர்க்கதரிசி இதைத் தன்னைப்பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப்பற்றியா? பிலிப்பு தொடங்குவது அந்த வேதவாக்கியத்திலிருந்தே. தான் சொல்ல நினைத்த வேறு செய்தியைக் கொண்டுவந்து திணிக்கவில்லை.

விளக்கவுரையை எரித்துவிடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள், அவ்வளவுதான். முதலில் பகுதி, பிறகு ஒத்துவாக்கியங்கள் (அதே விஷயத்தைப் பேசும் வேறு வேதபகுதிகள்), கடைசியில் விளக்கவுரை. அந்தப் பெண் ஏன் பின்னால் ஒளிந்து வருகிறாள் என்ற கேள்விக்கு ஒத்துவாக்கியம் உங்களை லேவியராகமம் 15-க்குக் கொண்டுபோகும். 25 முதல் 27 வரை படித்தால் அவளும் தீட்டு, அவள் படுக்கையும் தீட்டு, அதைத் தொடுகிறவர்களுக்கும் தீட்டு என்று தெரியும். பன்னிரண்டு வருடம் அப்படி! இதை நீங்கள் சொல்வதைவிட அவர்களே பக்கத்தைத் திருப்பி வாசிப்பது நல்லது. ஒரு ஊர் எங்கே இருந்தது, ஒரு அரசன் எப்போது ஆண்டான் என்பதற்கெல்லாம் விளக்கவுரைதான் வேண்டும். யாராவது பகுதிக்கே விரோதமாக ஒன்றைச் சொல்லி, வரியைக் காட்டச் சொல்லியும் விடாமல் நின்றால், அப்போது நேராகவே சொல்லுங்கள்: இந்தப் பகுதி அப்படிச் சொல்லவில்லை. மரியாதையாகச் சொன்னால் போதும்.

அனுதின வாழ்க்கையில் எப்படிக் கைக்கொள்வது என்ற கேள்வி கடைசியில் வரட்டும். எல்லா வாரமும் ஒரு தீர்மானம் எடுத்தே தீரவேண்டும் என்றில்லை. சில பகுதிகள் ஒரு மாதம் கழித்து வேலை செய்யும்.

ஆவியானவர் போதிப்பார் என்று அந்த மூத்தவர் சொன்னது உண்மை. ஆனால் அதைப் படிக்காமலிருக்கக் காரணமாக்கக்கூடாது. தானியேல் 9-ல், எருசலேமின் பாழான நிலை எழுபது வருடம் நீடிக்கும் என்று தானியேல் அறிந்துகொள்வது தரிசனத்தில் அல்ல, எரேமியாவின் புஸ்தகத்தைப் படித்து. படித்தபிறகு உபவாசித்து ஜெபிக்கிறார், ஜெபத்தின் நடுவில் காபிரியேல் வருகிறான். தரிசனங்கள் கண்ட மனிதரே புஸ்தகத்தைத் திறந்து வருடக்கணக்குப் பார்த்திருக்கிறார்.

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ரோமரும் வெளிப்படுத்தலும் இப்போதைக்கு வேண்டாம். யோனாவை எடுங்கள்: நாலே அதிகாரம், 48 வசனம், மாதத்தில் முடிந்துவிடும். அது முடிந்ததும் மாற்கு. இரண்டு மூன்று வாரம் நீங்கள் நடத்தியபிறகு, குழுவில் ஒருவரை உங்களோடு உட்கார்ந்து தயாரிக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் அவரே கேள்வி கேட்கட்டும். நீங்கள் தாளும் பென்சிலுமாக மற்றவர்களோடு உட்காருங்கள். எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள், பார்ப்போம்.