அறுபதடிச் சாலையில் கார், சைக்கிள், நடை மூன்றுக்கும் இடம் உண்டா?

சென்னை போன்ற நகரத்தில் வண்டி ஓட்டுபவர், சைக்கிளில் செல்பவர், நடந்து செல்பவர் ஆகிய மூவருக்கும் பாதுகாப்பான தெருவை அமைக்க முடியுமா, இருக்கிற அகலம் அதற்குப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான தெருக்களில் போதும். சாலை வரைபடம் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், குறை அகலத்தில் இல்லை, வரையத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது என்றே சொல்வேன். நம் ஊரில் வழக்கமாக நடுக்கோட்டை முதலில் போட்டு, அதன் இருபுறமும் வண்டிகளுக்கு எவ்வளவு தர முடியுமோ அவ்வளவும் தந்துவிட்டு, ஓரத்தில் எஞ்சுவதை நடைபாதை என்று குறிக்கிறோம். பிறகு மின்வாரியப் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், மரம், விளக்குக் கம்பம் அனைத்தும் அந்த மிச்சத்தில்தான் வந்து நிற்கின்றன. இதைத் திருப்பிப் போட்டு, கட்டடங்களின் மதிலிலிருந்து உள்நோக்கி வரைந்து வந்தால் அதே தெரு வேறு தெருவாகிவிடும்.

அகலத்தைப் பங்கிடுவதற்கு முன் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் ஓட்டுநர், குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு ஒரு நொடிக்குள் பிரேக்கை மிதித்தால், உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அதே ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடுகிறார். அதாவது, முதல் கார் நின்றுபோன இடத்தை இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் தாண்டுகிறது. நடப்பவரும் வண்டிகளும் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30ஐ மேல்வரம்பாக வைக்கும்படி சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டில் வெளியான 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் '30' என்று பலகை வைப்பதால் யாரும் மெதுவாகப் போவதில்லை. ஓட்டுநர் பலகையைப் பார்த்து அல்ல, சாலையைப் பார்த்துத்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார். ஒரு வரிசை வண்டிகள் செல்லும் தடத்தை (லேன்), நெடுஞ்சாலைக்கு உரிய மூன்றரை மீட்டர் அகலத்தில் ஊருக்குள் போட்டால் நெடுஞ்சாலை வேகம்தான் வரும். மாநகரப் பேருந்து செல்லும் தடத்துக்கே 3 முதல் 3.25 மீட்டர் போதுமானது. இன்னொரு சிக்கல், நம் சாலைகள் ஓரிடத்தில் நான்கு தட அகலமும் நூறு மீட்டர் தள்ளி இரண்டரைத் தட அகலமுமாக இருப்பது. அந்தக் குறுகலான இடம் எத்தனை வண்டிகளை விடுமோ அத்தனைதான் முழுச் சாலையிலும் போக முடியும்; மற்ற இடங்களில் உள்ள கூடுதல் அகலம் வண்டி நிறுத்தவும், முண்டியடித்து முந்தவும் மட்டுமே பயன்படுகிறது. பெங்களூரில் 'டெண்டர் ஷ்யூர்' என்ற சீரமைப்புத் திட்டத்தில் போட்ட சாலைகளில் வண்டித் தடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான அகலத்தில் அமைத்து, மீதியை நடைபாதைக்குத் தந்து, குழாய்களையும் கம்பிவடங்களையும் அதன் அடியில் கொண்டுபோனார்கள். 2019இல் திறக்கப்பட்ட தி.நகர் பாண்டி பஜார் சாலையிலும் வண்டித் தடம் சுருக்கப்பட்டு நடைபாதை விரிந்தது.

அறுபதடிச் சாலை, அதாவது 18 மீட்டர் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் இரண்டரை மீட்டர் நடைபாதை, அதை ஒட்டி இருபுறமும் இரண்டு மீட்டர் சைக்கிள் பாதை, நடுவில் 3.25 மீட்டரில் இரண்டு தடங்கள் என்றால் பதினைந்தரை மீட்டர் ஆகிறது. மிஞ்சும் இரண்டரை மீட்டரை ஒரு பக்கத்தில் மரம், பேருந்து நிறுத்தம், தள்ளுவண்டிக் கடை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு மாறிமாறித் தரலாம். கொடுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: இருபுறமும் தொடர்ச்சியாக, இலவசமாக, நாள் முழுவதும் கார் நிறுத்தும் வசதி. அதை விட்டுத்தர மனம் இல்லாதபோதுதான் 'இடம் போதவில்லை' என்ற பேச்சு எழுகிறது. முப்பதடித் தெருவில் இந்தப் பிரிவினை தேவையே இல்லை. வேகத்தைக் குறைத்துவிட்டால் சைக்கிளும் காரும் ஒரே தடத்தில் போகலாம்.

எங்கே பிரிப்பது, எங்கே கலப்பது என்பதை நெதர்லாந்துக்காரர்கள் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகச் சாலை என்றால் சைக்கிளுக்குத் தனிப்பாதை; 30 என்றால் கலந்து செல்லலாம். அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று நினைக்க வேண்டாம். 1971இல் அங்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் தொடங்கி வீதிக்கு வந்த பிறகும், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகும்தான் தெருக்கள் மாறத் தொடங்கின. நம் ஊரில் சைக்கிள் பாதை என்றால் ஞாயிறு காலை ஹெல்மெட்டுடன் வரும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு என்ற எண்ணம் இருக்கிறது. அன்றாடம் மிதிப்பவர்கள் கட்டடத் தொழிலாளிகள், காவலாளிகள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பதினோராம் வகுப்பு மாணவிகள். வெறும் வண்ணம் பூசிய கோடு இவர்களைக் காப்பாற்றாது. ஒரே வாரத்தில் அது பைக் நிறுத்தும் இடமாகிவிடும். தடுப்புக் கல் கட்டாயம் வேண்டும்.

உண்மையில் வடிவமைப்பாளரின் திறமை தெரிவது சந்திப்புகளில்தான். சிக்னலுக்கு நிற்காமல் இடப்புறம் திரும்ப விடும், 'ஃப்ரீ லெஃப்ட்' என்று நாம் அழைக்கும் ஏற்பாட்டில் மூலையைப் பெரிய வளைவாகச் செதுக்கிவிடுகிறோம். கார் பிரேக்கைத் தொடாமலே திரும்புகிறது. நேரே செல்லும் சைக்கிளை அது இடப்புறம் வெட்டுகிறது. நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் நீள்கிறது. மூலையைச் சுருக்கினால் மூன்றும் சேர்ந்து சரியாகும். ஜீப்ரா கிராசிங்கை நடைபாதையின் உயரத்துக்கே தூக்கிவிட்டால் அது வேகத்தடையாகவும் வேலை செய்யும். அகலமான சாலையின் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகளை மட்டும் பார்த்துக் கடக்கலாம். நடை மேம்பாலங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழங்கால் வலியுள்ள பாட்டியை இரண்டு மாடி ஏறச் சொல்லிவிட்டு, காருக்கு அரை நிமிடம் மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. அதனால்தான் மக்கள் சென்டர் மீடியனை ஏறிக் குதிக்கிறார்கள்.

நடைபாதையைப் பொறுத்தவரை, சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி தடையற்ற 1.8 மீட்டர் அகலத்தையும், 150 மில்லிமீட்டரைத் தாண்டாத உயரத்தையும் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் இறங்குவதற்காக நடைபாதையையே சரித்துவிடுவதால், நூறு மீட்டருக்குள் பத்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சலித்துப்போய் ஆட்கள் சாலையிலேயே நடக்கிறார்கள். நடைபாதை மட்டமாகவே போக வேண்டும், அதன் வெளி ஓரத்தில் உள்ள அரை மீட்டரில்தான் கார் ஏறும் சரிவு அமைய வேண்டும். பைக்குகளைத் தடுக்க நடப்படும் குட்டைத் தூண்களில் ஒரு சங்கடம் உண்டு. சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும். அவை காரை மட்டுமே தடுக்கும். பைக்கைத் தடுக்கப் போக்குவரத்துக் காவலர்தான் வேண்டும்.

இவையெல்லாம் கொள்கை அளவில் நம்மிடம் ஏற்கெனவே இருப்பவைதான். சென்னை மாநகராட்சி 2014இலேயே, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. எனவே உங்கள் தெருவில் அடுத்து சாலை போட வரும்போது, வார்டு அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடுகிறார்களா? அப்படிச் செய்யாவிட்டால் சாலை உயர்ந்து, நடைபாதை சாலை மட்டத்துக்கு வந்து, பைக் ஏற வசதியாகிவிடும். குறுக்குவெட்டு வரைபடத்தில் வண்டித் தடம் எத்தனை மீட்டர்? மூலைகளின் வளைவு எவ்வளவு? பணி ஆணை வழங்கப்படுவதற்கு முன் இவற்றைக் கேட்டால் மாற்ற வாய்ப்பு உண்டு, ஜல்லி கொட்டிய பிறகு கிடையாது.