பழைய சீலிங் ஷீட்: தட்டி இறக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் 1979-இல் கட்டிய ஓட்டு வீடு. ஓட்டுக்கு அடியில் மரச்சட்டம் வைத்து, சாம்பல் நிறத் தட்டை ஷீட்டைச் சீலிங்காக அடித்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்கி ஒரு மூலை உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஜிப்சம் போட நினைக்கிறோம். "சுத்தியலால் தட்டினால் அரை நாளில் இறங்கிவிடும்" என்கிறார் தச்சர். இதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?

பதில்: ஆஸ்பெஸ்டாஸ் என்பது சிமெண்ட் ஷீட்டில் கலக்கப்பட்ட நுண்ணிய கனிம இழை. உங்கள் ஷீட்டில் அது இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சோதனையில் இல்லை என்று தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

உடைந்த மூலையைத் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை மாவாக, மேலே காகிதம் ஒட்டியிருந்தால் ஜிப்சம் போர்டு. வெள்ளைக்குள் தேங்காய் நார் தெரிந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். முழுக்கச் சாம்பலாக, கெட்டியாக இருந்து, உடைந்த விளிம்பில் முடி போல இழை நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கண்ணால் அதற்கு மேல் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் சிமெண்ட் போர்டும் பார்க்க இப்படித்தான் இருக்கும். நெருப்பு காட்டிப் பார்ப்பதும் வீண், இவை இரண்டுமே பற்றி எரியாது. ஏற்கெனவே விழுந்த துண்டு ஒன்றை நனைத்து, இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, இந்தச் சோதனை செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

உடையாத ஷீட்டில் சிமெண்ட் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும். உடைக்கும்போதும் டிரில் போடும்போதும் கிரைண்டரால் அறுக்கும்போதும்தான் அவை தூசியாகப் பறக்கின்றன. நுரையீரலுக்குள் போன இழை எளிதில் வெளியேறாது. அதனால் வரும் புற்றுநோய் தெரியவர 20 முதல் 40 வருடம்கூட ஆகலாம். "இத்தனை வருஷமா செய்யறேன், ஒண்ணும் ஆகலையே" என்று தச்சர் சொன்னால் இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வீடு வீடாக இதே தூசியில் நிற்கும் அவருக்குத்தான் உங்களைவிட ஆபத்து அதிகம்.

என்னைக் கேட்டால், முதலில் ஓட்டு ஒழுகலை அடையுங்கள். உடைந்த ஷீட்டை மட்டும், கீழே சொல்லும் முறைப்படி எடுங்கள். மற்றவை உறுதியாக இருந்தால் சுரண்டாமல், உப்புத்தாள் போடாமல் பெயிண்ட் அடித்து விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், இந்த வேலையில் பழக்கமுள்ளவர்கள் கிடைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். யார் செய்தாலும் முறை இதுதான். குழந்தைகளை அனுப்பிவிட்டு, சாமான்களை அகற்றி, ஃபேனை நிறுத்தி, மெயினை அணைத்து, தரையில் தடித்த பாலிதீன் விரியுங்கள். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஸ்பிரேயரால் ஷீட்டை நனைத்துக்கொண்டே இருங்கள். மரச்சட்டத்தை மெதுவாக நெம்பி, ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும். துணியோ சர்ஜிகல் மாஸ்க்கோ இதற்கு உதவாது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 மாஸ்க் வேண்டும். முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் வேலை உடுப்பையும் ஷீட்டோடு சேர்த்து இரட்டைப் பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், அந்த ஷீட்டை ஆட்டுக்கொட்டகைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். உடைத்து வாசல் பள்ளத்தில் நிரவும் வழக்கமும் உண்டு. வண்டி ஏறி ஏறி அது பொடியாகும். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில், எங்கே ஒப்படைப்பது என்று ஷீட்டை இறக்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.