பெட்டி கட்டலாமா, வாங்கலாமா? கேட்டவையும் பதில்களும்

2010 இல் திரும்பி வந்து கிளிநொச்சியில் பட்டறை போட்ட நாளிலிருந்து உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டியும், கப் எனும் பிக்கப் வாகனத்துக்குப் பின்னால் இழுக்கிற சின்ன ரெயிலரும்தான் என் வேலை. கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பரந்தன் தம்பி: அண்ணை, 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரத்தில் உழவு மெசின் பெட்டி கட்டினால் ஒரு கியூப் மணல் பிடிக்கும்தானே? சட்டத்துக்கு எந்தச் சனல் இரும்பு போடலாம்?

பிடிக்கும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, கணக்குச் சரி. ஆனால் ஒரு கியூப் மணல் காய்ந்திருந்தாலே நாலரைத் தொன்னுக்குக் கிட்ட வரும், ஈரமென்றால் இன்னும் கூட. அதே பெட்டியில் நெல்லைக் குவித்தால் ஒன்றரைத் தொன்னுக்குக் கொஞ்சம் மேலேதான். நெல்லுக்கென்று கட்டின பெட்டியில் "இடம் இருக்குத்தானே" என்று மணலை நிரப்பித்தான் பாதிப் பேர் அச்சு வளைந்து என்னிடம் வருகிறார்கள். சனலைப் பிறகு பார்ப்போம், முதலில் அச்சும் ரயரும் எத்தனை தொன் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். மணல்தான் ஏற்றப் போகிறீர்களென்றால் பக்கத் தகட்டை ஒரு அடியோடு நிறுத்திவிடுங்கள். மட்டமாக நிரப்பினால் அரைக் கியூபுக்கு மேல் பிடிக்காது. மணலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: கப்புக்குப் பின்னால் கட்டின ரெயிலர் ஏ9 இல் 60 க்கு மேல் போனால் வாலாட்டுது. ரயர் பிழையா?

ரயர் காற்றையும் பாருங்கள், ஆனால் நான் சந்தேகப்படுவது நிறை இருக்கும் இடத்தை. ஏற்றின ரெயிலரின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்காவது, கூடினால் நூற்றுக்குப் பதினைந்து, கப்பில் மாட்டுகிற கொளுக்கியில் அமர வேண்டும். 500 கிலோ என்றால் 50 முதல் 75 கிலோ. அதற்குக் குறைந்தால் பின்பக்கம் கனத்து ஆடத் தொடங்கும். போன மாதம் ஒருவர் இதே முறைப்பாட்டோடு வந்தார், பார்த்தால் தண்ணிப் பம்பும் ஜெனரேட்டரும் பின்கதவோடு ஒட்டி வைத்திருக்கிறார், இறக்க லேசாம்! இரண்டையும் அச்சுக்கு முன்னால் தள்ளிக் கட்டினோம், ஆட்டம் நின்றது. அளக்க நெல்லு மூடை நிறுக்கிற தராசு போதும். ரெயிலரைச் சமமாக நிறுத்தி, மூக்கை மட்டும் கொளுக்கி உயரத்தில் தராசில் முட்டுக் கொடுத்து வையுங்கள். ஓடும்போது ஆடினால் சடுதியாகப் பிரேக் அடிக்கவோ ஸ்டியரிங்கை வெட்டவோ வேண்டாம், அக்சிலேற்றரை விட்டு மெதுவாக்குங்கள்.

முத்தையன்கட்டுத் தங்கச்சி: குளக்கட்டால் இறங்கும்போது அவருடைய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) இடக் கிளச்சைப் பிடிக்க வலப்பக்கம் திரும்பிவிட்டது அண்ணா. பெட்டியில் பிழையா?

பெட்டியிலும் இல்லை, மெசினிலும் இல்லை. மேட்டிலும் சமதரையிலும் இடக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு நின்று இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து மெசினைத் தள்ளுகிறது, அப்போது இடக் கிளச்சைப் பிடித்தால் அந்தச் சில்லு விடுபட்டு உருளும், வலச் சில்லை மட்டும் இயந்திரம் பிடித்து வைத்திருக்கும், வண்டி வலத்துக்குப் போகும். இறங்க முதலே சின்னக் கியருக்கு மாற்றச் சொல்லுங்கள், கிளச்சைத் தொடாமல் கைபிடியால் திருப்பட்டும், பெட்டியின் கால் பிரேக்கை மிதிக்கட்டும். அந்தப் பிரேக் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இங்கே பாதிப் பெட்டிகளில் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

முல்லைத்தீவுத் தொழிலாளி: படகு இழுக்கிற ரெயிலரில் பெயரிங் ஆறு மாதம் தாங்குதில்லை.

ஓடி வந்த சூட்டோடு கடலில் இறக்குகிறீர்கள். சூடான சில்லுக் குடம் குளிர்ந்து சுருங்கும்போது உப்புத் தண்ணியைச் சீலுக்குள்ளால் உறிஞ்சிவிடும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள், பிறகு நல்ல தண்ணியில் கழுவி கிறீஸ் அடியுங்கள்.

புதுக்குடியிருப்பு ஐயா: அப்பாவின் பழைய பெட்டி, 2009 இல் எரிந்தது. வளவுக்குள் கிடக்கு. திருத்தலாமா?

ஐயா, அந்த வருசம் எங்கள் வீடு முழுக்க ஒரு பெட்டிக்குள்தான் நகர்ந்தது, அதனால் வித்துவிடுங்கோ என்று எனக்கு வாய் வராது. தகட்டில் சன்னம் துளைத்த ஓட்டைகள் ஒரு விசயமேயில்லை, வெட்டி ஒட்டலாம். சேசிஸை நூல் பிடித்துப் பார்ப்போம், நேராக இருந்தால் மிஞ்சும். வில்லுத் தகடுகளை மட்டும் எறிந்துவிட வேண்டும், நெருப்பில் வெந்த வில்லு பதம் இழந்துவிடும், பார்வைக்கு நல்லாக இருக்கும், சுமை ஏற்றினால் படுத்துவிடும். பெயரிங்கும் புதிது.

வவுனியாத் தம்பி: பழைய பெட்டி வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

புதுப் பெயின்ற் அடித்திருந்தால் முதலில் சந்தேகப்படு. இழுவைச் சட்டம் சேசிஸோடு சேரும் மூலையில் நகத்தால் சுரண்டிப் பார், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ரயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. ரயரில் பூ தேயாமல் நிறைய இருக்கு என்று ஏமாறாதே. பதிவுப் புத்தகம் கேள், பெட்டிக்குத் தனிப் பதிவு. பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பான் இல்லாவிட்டால் இரண்டு வாங்கி ஒட்டிவிட்டே ரோட்டில் ஏற்று, இரவில் வெளிச்சமில்லாத பெட்டிக்குள் மோட்டார் சைக்கிள் போய்ச் செருகினதை நான் பார்த்திருக்கிறேன்.

கூலி கேட்ட மற்றவர்களுக்கு: இரும்பு விலை நிலையாக இல்லை, பெட்டியின் நீள அகல அளவை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்ன ஏற்றப் போகிறீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள்.