460 குதிரைத்திறனை விட்டு 275-க்குப் போகலாமா?

கேள்வி: என்னிடம் 2019 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இருக்கிறது. 5.0 லிட்டர் வி8, மேனுவல் கியர். நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன், குறை சொல்ல எதுவும் இல்லை. போன மாதம் நண்பரின் போர்ஷே கேமனை மலைப்பாதையில் இருபது நிமிடம் ஓட்டினேன். அன்றிலிருந்து என் காரில் ஏறினால் பெரிய பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. ஒரு டீலர் தன்னிடமுள்ள 2014 கேமனை (2.7 லிட்டர், மேனுவல்) வண்டிக்கு வண்டி மாற்றித் தருவதாகச் சொல்கிறார். ஞாயிறு அதிகாலையில் தனியாக மலைக்கு ஓட்டிப்போய் வருவதுதான் என் பொழுதுபோக்கு. வேலைக்குப் போக வீட்டில் வேறு கார் உண்டு. ஐந்து வயது மகள் இருக்கிறாள். மாற்றலாமா?

பதில்: மாற்றலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த மாதம் வேண்டாம். டீலர் சொல்லும் அந்த வண்டிக்கு வண்டி பேரமும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினின் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. மஸில் கார் பிரியர் ஒருவர் எழுதியிருந்தால் அங்கேதான் தொடங்கியிருப்பார். காலையில் எஞ்சின் உயிர் பெறும்போது எழும் குமுறல், காலை அழுத்தியதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்வது என்று பக்கம் பக்கமாகப் பேசியிருப்பார். நீங்கள் எழுதியிருப்பதோ மலைப்பாதை, அதிகாலை, தனிமை. உங்கள் மகிழ்ச்சி வளைவுகளில் இருக்கிறது. விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மஸில் கார் என்ற வகை எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1964-இல் பான்டியாக் ஜிடிஓ வந்தபோது செய்தது ஒன்றே ஒன்றுதான். நடுத்தர அளவிலான டெம்பெஸ்ட் காருக்குள், பெரிய கார்களுக்கென்று இருந்த 389 கன அங்குல வி8-ஐ வைத்தார்கள். ஏறக்குறைய 6.4 லிட்டர். சாதாரண உடலுக்குள் அசாதாரண எஞ்சின். நேர்சாலையில் அது கொடுத்த இன்பம் உண்மையானது, இன்றும் குறையாதது. உங்கள் மஸ்டாங்கில் ஓடுவதும் அதே ரத்தம்தான். ஆனாலும் வளைவே அறியாத வண்டி என்று அதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015 மாடலிலிருந்து மஸ்டாங் வரிசை முழுவதற்கும் பின்புறத்தில் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு, வந்துவிட்டது. அதன் முன்னோர்களோடு ஒப்பிட்டால் உங்கள் வண்டி நன்றாகவே திரும்பும்.

இனி எண்களுக்கு வருவோம். உங்கள் மஸ்டாங்கின் சக்தி 460 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 1,700 கிலோ. அந்தக் கேமனுக்கு 275 குதிரைத்திறன், 1,310 கிலோ. ஒரு குதிரைத்திறன் சுமக்கும் எடை மஸ்டாங்கில் 3.7 கிலோ, கேமனில் 4.8 கிலோ. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட கேமனுக்கு 5.7 விநாடி ஆகும் என்கிறது போர்ஷே. உங்கள் வண்டிக்கு ஐந்து விநாடிகூட வேண்டாம். இழுவை இன்னும் வித்தியாசம்: மஸ்டாங்கில் 570 நியூட்டன் மீட்டரை ஒட்டி, கேமனில் 290. பாதிதான். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது கியரைத் தொடாமலே காலை அழுத்தி நான்கு ஆண்டுகள் பழகியிருக்கிறீர்கள். கேமனில் இரண்டு கியர் இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் முந்த வேண்டும். அதைக் குறையாக உணர்வீர்களா, அதுவே வேண்டும் என்பீர்களா? ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதில் இது தெரியாது. நண்பரிடம் இன்னொரு நாள் கேட்டு வாங்கி, நேரான நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

அப்படியானால் அந்த இருபது நிமிடத்தில் உங்களைப் பிடித்துக்கொண்டது எது? என் பதில், அந்த நானூறு கிலோ வித்தியாசமும், மிச்சமிருக்கும் எடை உட்கார்ந்திருக்கும் இடமும்.

ஒரே வேகத்திலிருந்து நிறுத்தும்போது மஸ்டாங்கின் பிரேக் கேமனைவிட முப்பது சதவீதம் கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டியிருக்கிறது. மலை இறக்கத்தில் பத்து வளைவு கடந்ததும் பெடல் கொஞ்சம் கீழே போவதை உணர்ந்திருப்பீர்கள். டயரின் சங்கதி இன்னும் நுட்பமானது. டயர்மேல் சுமை கூடினால் அதன் பிடிமானமும் கூடும், ஆனால் சுமை கூடிய அளவுக்குக் கூடாது. வளைவில் வெளிப்பக்க டயர்கள்மீது எடை சாயும்போது, கனமான கார் தன் பிடிமானத்தைத் தானே தின்றுகொள்கிறது. அதை ஈடுகட்ட அகலமான டயரும் கடினமான ஸ்பிரிங்கும் போடுகிறார்கள். அவை ஓரளவுக்கு ஈடுகட்டும், ஆனால் அந்தக் கனம் ஸ்டீயரிங்கில் தெரியாமல் போவதில்லை.

அடுத்தது எஞ்சின் இருக்கும் இடம். மஸ்டாங்கில் அது உங்கள் முன்னால். மொத்த எடையில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. கேமனில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், கிட்டத்தட்ட காரின் நடுவில். இரண்டு கைகளிலும் எடைக்கற்களைப் பிடித்து, கைகளை நீட்டியபடி உங்களை நீங்களே சுழற்றிப் பாருங்கள். பிறகு கற்களை மார்போடு அணைத்துக்கொண்டு சுழலுங்கள். சுழலத் தொடங்குவதும் நிறுத்துவதும் எவ்வளவு எளிதாகிறது! நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பியது என்று உணர்ந்திருப்பீர்களே, அது இதுதான். எத்தனை குதிரைத்திறன் கொடுத்தும் இந்த உணர்வை முன் எஞ்சின் காரில் முழுதாக வாங்கிவிட முடியாது.

இதே குணம்தான் ஆபத்தும். எளிதாகத் திரும்பும் கார் எளிதாகச் சுழலவும் செய்யும். ஒருமுறை நடு எஞ்சின் கார் ஒன்றை மழையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நினைத்ததைவிட வளைவு இறுகியது. பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்துவிட்டேன். எடை முன்னால் சாய்ந்தது, பின் டயர்கள் பிடியை விட்டன, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த வழியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். எதிரே வண்டி வராதது என் நல்ல நேரம். மஸ்டாங்கில் காலை அதிகமாக அழுத்தினால் பின்பக்கம் விலகும், அது உங்களுக்குப் பழகிய பாடம். கேமனில் காலைத் தவறான இடத்தில் எடுத்தால் விலகும். கார் சறுக்கும்போது தானாகவே பிரேக் போட்டு நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் டயரில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. வாங்கினால் முதல் மாதமே ஒரு பயிற்சியாளரோடு டிராக்கில் ஒரு நாள் செலவிடுங்கள். மலைப்பாதையில் இதைக் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஏன் இந்த மாதம் வேண்டாம்? இருபது நிமிடம் என்பது புதுமையின் மயக்கம் தீராத நேரம். அதோடு, நன்கு பராமரிக்கப்பட்ட ஒரு கேமனையும், நான்கு ஆண்டு ஓடிய உங்கள் மஸ்டாங்கையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் டயர் எந்த ஆண்டில் தயாரானது என்று பக்கவாட்டில் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட அதே டயர் என்றால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் ஒரு செட் போட்டு, அலைன்மென்ட் பார்த்து, பிரேக் ஆயிலை மாற்றி, கொஞ்சம் கடுமையான பிரேக் பேட் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். இரண்டு ஆண்டாகியும் மாற்றவில்லை என்றால் பெடல் கீழே போவதில் அதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, இந்தத் தலைமுறை மஸ்டாங் ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேமை உடலோடு இணைக்கும் ரப்பர் புஷ்கள் மிக மென்மையானவை. வளைவில் ஆக்ஸிலரேட்டரில் காலை வைக்கும்போது பின்பக்கம் தனியாக ஒரு நொடி யோசிப்பதுபோல் தோன்றும். அந்தப் புஷ்களை அசையாமல் பிடிக்கும் துண்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. கார் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்ன அந்தப் பெட்டி உணர்வில் ஒரு பகுதி இதனால் வருவதுதான்.

இவற்றைச் செய்துவிட்டு நான்கு ஞாயிற்றுக்கிழமை அதே மலைக்குப் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று எழுதிவையுங்கள். சுரங்கப்பாதையில் கண்ணாடியை இறக்கி எஞ்சினைக் கேட்ட இடத்திலா, அடுத்தடுத்த வளைவுகளிலா? முதலாவது என்றால் மஸ்டாங்கை விற்காதீர்கள். மஸ்டாங்கின் போட்டிக் கார்களான கமாரோ, சேலஞ்சர் இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரோடு நின்றுபோன பிறகு, மேனுவல் கியரோடு, டர்போ இல்லாமல் இயற்கையாக மூச்சுவிடும் வி8 கூபே அரிய பொருளாகி வருகிறது. விற்றுவிட்டு மீண்டும் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நான்கு வாரம் கழித்தும் மனம் வளைவுகளையே சொன்னால், தயங்காமல் மாற்றுங்கள்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேமனில் இரண்டே இருக்கை. சாமான் வைக்க இடம் வியப்பூட்டும் அளவுக்கு உண்டு. முன்னால் 150 லிட்டர், பின்னால் 275 லிட்டர். ஆனால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. வீட்டில் வேறு கார் இருப்பதால் குடும்பப் பயணம் தடைபடாது. ஆனால் இப்போது மஸ்டாங்கின் பின்னிருக்கையில் மகள் உங்களோடு வருகிறாளா? வருகிறாள் என்றால் வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

பேரத்துக்கு வருவோம். வண்டிக்கு வண்டி என்று சொல்லும்போது இரண்டு விலைகள் உங்கள் கண்ணிலிருந்து மறைகின்றன. உங்கள் மஸ்டாங்குக்கு அவர் என்ன மதிப்புப் போட்டார்? கேமனுக்கு எவ்வளவு லாபம் வைத்தார்? இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் தருவது ஐந்து ஆண்டு இளைய கார் என்பதை மறக்காதீர்கள். நேரடியாக ஒரு தனிநபருக்கு விற்றால் பொதுவாகக் கூடுதல் விலை கிடைக்கும், அலைச்சலும் கூடும். கடன் பாக்கி இருந்தால் முதலில் அந்தக் கணக்கை முடியுங்கள். கேமனுக்கான காப்பீட்டுத் தொகையைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். டயர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமனின் முன்டயரும் பின்டயரும் வெவ்வேறு அகலம் என்பதால் இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க முடியாது. எஞ்சின் உள்ளே ஒளிந்திருப்பதால் சின்ன வேலைக்கும் மெக்கானிக் அதிக நேரம் எடுப்பார்.

அந்தக் குறிப்பிட்ட காரைப் பற்றி. பழைய கேமன்களைச் சுற்றி ஐஎம்எஸ் பேரிங் என்ற பயம் உலவுகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் இடைநிலை ஷாஃப்ட் ஒன்றைத் தாங்கும் பேரிங் பழுதாகிவிடும் என்பதே அந்தப் பயம். அது 2008 வரையிலான எஞ்சின்களின் பிரச்சினை. 2009-இல் வந்த புதிய எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது, ஆகவே 2014 காருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் டீலரின் மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். போர்ஷே வேலை தெரிந்த வேறொருவரிடம் காசு கொடுத்துக் காட்டுங்கள். காரின் எஞ்சின் கம்ப்யூட்டரில் இருந்து ஓவர்ரெவ் அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றதையெல்லாம் அது ஆறு படிகளாகப் பதிந்துவைத்திருக்கும். மேல்படிகளில் எண்கள் இருந்தால், யாரோ தவறான கியருக்கு இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அது எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது நடந்தது என்பதும் தெரியும். மிக அண்மையில் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். முன் பம்பரின் இரு பக்கத் திறப்புகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ரேடியேட்டர்களும் ஏசி கண்டென்சர்களும் இருக்கின்றன. சருகு சேர்ந்து ஈரம் தங்கி அரித்துப்போவது வழக்கம்.

முந்தைய நாளே டீலரிடம் சொல்லிவையுங்கள், நீங்கள் வரும்வரை எஞ்சினை ஓட்டக் கூடாது என்று. ஆறிய எஞ்சின் உயிர் பெறும்போதுதான் அதன் குறைகள் வெளியே தெரியும். போனதும் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் பார்க்காமலே திரும்பிவிட்டு, இன்னொரு நாள் போங்கள்.