எர்த் பின்னை வெட்டாதீர்கள்: கிட்டார் ஆம்ப்பில் 'ம்ம்ம்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன், கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்கும் போவதுண்டு. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் வைத்த கிட்டார், ஓவர்டிரைவ், டிலே என்று இரண்டு பெடல், பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் எடுத்த 30 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். வீட்டில் போட்டால் ஒரே இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது. ரிப்பேர் கடையில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டும், 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டு ஒயர்மேன் பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை வெட்டிவிட்டால் போதும் என்கிறார். எதைக் கேட்பது சார்?

பதில்: இரண்டு பேரையும் கேட்காதீர்கள் தம்பி. கடைக்காரர் சொன்னதைச் செய்தால் பணம் போகும். ஒயர்மேன் சொன்னதைச் செய்தால் ஆளே போகலாம்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்கிறீர்கள். ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிருந்தால் அதற்கு உங்கள் விரல் என்ன கணக்கு? நடப்பது இதுதான். வீட்டுச் சுவர் முழுக்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஒயர் ஓடுகிறது. உங்கள் உடம்பு ஆன்டெனா மாதிரி அந்த இரைச்சலை வாங்கி, மடியில் இருக்கும் கிட்டாருக்குக் கொடுக்கிறது. ஸ்ட்ரிங்குகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஒரு சின்ன ஒயரில் ஜாக்கின் கிரவுண்டுக்குப் போகின்றன. தொட்டவுடன் உடம்பும் அந்தக் கிரவுண்டோடு சேர்ந்துகொள்வதால் சத்தம் அடங்குகிறது. ஆக பிரிட்ஜ் ஒயர் நன்றாக இருக்கிறது. குறை பெரும்பாலும் கிட்டாருக்குள் ஷீல்டிங், அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, இல்லாததுதான். இதற்கு நேர்மாறாக, தொட்டால் சத்தம் ஏறுகிறது, அல்லது விரலில் சுர்ரென்று ஏதோ கடிக்கிறது என்றால் அந்த நிமிடமே சுவிட்சை அணைத்துவிட்டு மேலே படிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் என்று சொன்னேன். உறுதி செய்துகொள்ள ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். முதலில் ஆம்ப்பின் இன்புட்டில் இருக்கும் ஜாக்கைப் பிடுங்கிவிட்டு, வால்யூமைப் பாதியில் வைத்து ஆம்ப்பை மட்டும் போடுங்கள். அமைதியாக இருந்தால் ஆம்ப் மேல் பழி இல்லை, 4,500 ரூபாய் மிச்சம். அப்போதும் கத்தினால், தடித்த ஈ ஸ்ட்ரிங்கை மூன்றாவது ஃப்ரெட்டில் பிடித்து மீட்டிப் பாருங்கள். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் முனகல் கிட்டத்தட்ட அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது கரன்டை டி.சி. ஆக்கும் இடத்தில் இருக்கும் பெரிய கண்டென்சர் காய்ந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் ஆம்ப்பில் இது சகஜம். அதற்குக் கண்டென்சரை மாற்றினால் போதும். ஆனால் நீங்களாகத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். வால்வு ஆம்ப் என்றால் அது 400 வோல்ட்டையும் தாண்டலாம்.

ஆம்ப் அமைதி என்றால் அடுத்து பெடல் எதுவும் இல்லாமல் கிட்டாரை நேராகச் சொருகி, கிட்டாரின் வால்யூம் நாபைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் போய்விட்டால் அது, ஸ்ட்ரிங்கின் அசைவைச் சிக்னலாக்கும் பிக்கப் பக்கத்திலிருந்து வருகிறது. போகவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். (கேபிளின் ஒரு முனையை ஆம்ப்பில் சொருகி, மறுமுனையைத் தரையில் போட்டுவிட்டு, ஐயோ கத்துகிறதே என்று ஃபோன் செய்கிறவர்கள் உண்டு. எந்தக் கேபிளும் அப்படித்தான் கத்தும்.) கடைசியாகப் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரி போட்டால் அமைதியாகிறதா? அப்படியானால் அடாப்டர்தான் குற்றவாளி.

சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய தாமிரக் கம்பி. ஸ்ட்ரிங்கின் அசைவையும் ஃபேன் ரெகுலேட்டரின் உறுமலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற இன்ஜினியர் 1955ஆம் ஆண்டு இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி ஹம்பக்கர் என்ற பிக்கப்பை உருவாக்கியதே இதற்காகத்தான். உங்கள் கிட்டாரில் அது இல்லை. பரவாயில்லை. பிக்கார்டை, அதாவது கிட்டாரின் முன்பக்கத் தகட்டை, கழற்றி, உள்ளே இருக்கும் குழி முழுவதும் தாமிர ஃபாயில் டேப் ஒட்டி, அதை ஒரு ஒயரால் கிரவுண்டோடு சால்டர் செய்யச் சொல்லுங்கள். கரகரவென்று வரும் பகுதி நன்றாகக் குறையும். அடியில் கனமாக வரும் 'ம்ம்ம்' காந்த வழியாக வருவது, ஃபாயிலுக்கு அடங்காது. அதற்கு ஆம்ப்பிலிருந்து நாலடி தள்ளி உட்காருங்கள், சோக் வைத்த பழைய டியூப் லைட்டையும் பழைய ஃபேன் ரெகுலேட்டரையும் அணையுங்கள், கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் அடங்கும். அந்தத் திசைதான் உங்கள் நாற்காலியின் திசை. கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் சத்தம் மோசமாகிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதை வைத்துக்கொண்டு கிட்டாரைத் திட்டாதீர்கள்.

இனி ஒயர்மேன் விஷயம். எனக்குக் கோபம் வரும் இடம் இது.

கிட்டார் வாசிக்கிறவன் ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கிறான். ஸ்ட்ரிங் ஆம்ப்பின் உலோகப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு ஃபேஸ் ஒயர் பிய்ந்து பட்டுவிட்டால் அந்தக் கரன்ட் போவதற்கு உள்ள வழி அந்தப் பெரிய பின். அதை வெட்டினால் வழி நீங்கள்தான். நீங்கள் பாடவும் செய்பவர் என்றால் ஒரு கையில் கிட்டார், உதட்டில் எர்த்தான மைக். 1972 மே மாதம் ஸ்டோன் தி க்ரோஸ் என்ற இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். கையில் கிட்டார் இருந்தது. நம் ஊரில் திருவிழா மேடைக்கு எங்கிருந்து கரன்ட் இழுக்கிறார்கள், எர்த் ஒயர் வருகிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

பின்னை வெட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பின்னுக்கு எதிரில் எர்த் இருக்க வேண்டும். புது வீடு, மூன்று ஓட்டை உள்ள சாக்கெட், எல்லாம் பளபளப்பாக இருக்கும். தகட்டைக் கழற்றினால் பச்சை ஒயர் சுருட்டி, நுனிகூடச் சீவாமல் பெட்டியின் மூலையில் திணித்துக் கிடக்கும். எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. கேட்டால், எர்த் பாய்ன்ட் ஜன்னல் கிரில்லில் கட்டியிருக்கிறோம் என்பார்கள், அல்லது தண்ணீர்க் குழாயில். குழாய் பி.வி.சி. ஆகிப் பல வருடம் ஆயிற்று. இணைப்பு வாங்கும்போது ஒயரிங் சரியாக இருக்கிறது என்று கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று போகிறது. அந்தத் தாளுக்கும் அந்த வீட்டுக்கும் பல சமயம் அறிமுகமே கிடையாது. போய்ப் பார்க்கிறவர்களும் இல்லை, பார்க்கச் சொல்லிக் கேட்கிற வீட்டுக்காரரும் இல்லை.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் ஒன்று உண்டு. எர்த் இல்லையே என்று சொன்னால், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த்துக்குப் போட்டுவிடுகிறார்கள். டெஸ்டர் பிளக் பச்சை காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஆம்ப் பெட்டி முழுக்க, அதோடு சேர்ந்த உங்கள் ஸ்ட்ரிங்கிலும், 230 வோல்ட். ஆகவே சாக்கெட் தகட்டை உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். பிறகு 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எலக்ட்ரீஷியன் போட்டுக் காட்டட்டும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் பரவாயில்லை, மங்கலாக எரிந்தால் பெயருக்கு எர்த். வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் சுவிட்ச்) இருந்து அது டிரிப் ஆனால் அதுவும் நல்ல சேதிதான். அது இல்லாத வீட்டில் முதல் செலவு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யாக இருக்கட்டும், பெடல் அப்புறம். உங்கள் ஊர் தென்பெண்ணைக் கரை, மண்ணில் கொஞ்சம் ஈரம் பிடிக்கும். பர்கூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. அங்கெல்லாம் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், கரி, உப்பு என்று ஒழுங்காகப் போட்ட எர்த் குழிகூடச் சித்திரை வெயிலில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எர்த் பின் கட்டாயம் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நாளைக்கே யாராவது, எங்கள் ஆம்ப்புக்கு ரெண்டு பின்தான் சார் என்பார்கள். அடாப்டரில் ஓடும் சின்ன பிராக்டீஸ் ஆம்ப்கள் கம்பெனியிலிருந்தே இரண்டு பின்னோடு வருகின்றன. அடாப்டரின் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, அதற்கு எர்த் தேவையில்லை. இவற்றில் ஸ்ட்ரிங்கைத் தொடும்போது மெல்லிய கூச்சம் தெரியலாம். மல்டிமீட்டர் வைத்தால் 100 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டிப் பயமுறுத்தும். அடாப்டருக்குள் இருக்கும் ஒரு குட்டிக் கண்டென்சர் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரன்ட் அது, ஆளைக் கொல்லாது. ஆனால் மூன்று பின்னோடு பிறந்த ஆம்ப்புக்கு யாரோ இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தால் அது இந்த விதிவிலக்கில் சேராது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த பழைய வால்வு ஆம்ப்களும் இரண்டு பின்தான். அவையும் சேரா. வின்டேஜ் என்று சொல்லி யாராவது தலையில் கட்டினால் முதலில் மூன்று பின் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் மூன்று பின். அவ்வளவுதான்.

பின்னை வெட்டினால் சத்தம் நிற்கிறதே என்று ஒயர்மேன் சாதிப்பார். சில சமயம் நிற்கும், பொய்யில்லை. உங்கள் சர்ச்சில் ஆம்ப் ஒரு சுவிட்ச் போர்டிலும் மிக்சர் தூரத்தில் இன்னொரு போர்டிலும் ஓடினால், இரண்டு எர்த்துக்கும் நடுவில் கேபிள் ஒரு வளையம் போட்டு ஹம், அதாவது அந்த 'ம்ம்ம்' சத்தத்தைக் கொண்டுவரும். அதற்கு வைத்தியம் இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுப்பது. அது முடியாத இடத்தில் நடுவே ஒரு டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து, அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று எழுதியிருக்கும் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் விடுவிக்கும், கரன்ட்டின் எர்த்தைத் தொடாது.

கடைகளில் ஹம் எலிமினேட்டர் என்று ஒரு பெட்டியை நீட்டுவார்கள். அது இந்த வளைய ஹம்முக்கு மட்டும்தான், உங்கள் பிக்கப்புக்கு அது ஒன்றும் செய்யாது. கேபிள் விஷயத்திலும் கவனம். சிவப்பு கறுப்பு ஸ்பீக்கர் ஒயரின் இரு முனையிலும் ஜாக் வைத்து கிட்டார் கேபிள் என்று விற்கிறார்கள். ஷீல்டு இல்லாத கேபிள் உறுமத்தான் செய்யும். ஜாக் மூடியைத் திருகிப் பாருங்கள், நடு ஒயரைச் சுற்றிப் பின்னல் கம்பி இருக்க வேண்டும். 6 மீட்டருக்கு மேல் வேண்டாம், குரலே மங்கிவிடும். பெடலுக்குச் சி.சி.டி.வி. அடாப்டரைக் கொடுத்து ஏமாற்றுவதும் நடக்கிறது. அது 12 வோல்ட், துருவமும் வேறு. பெரும்பாலான பெடலுக்கு வேண்டியது நடு முனை மைனஸ் உள்ள 9 வோல்ட். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிந்த அவுட்புட் உள்ள பவர் சப்ளை என்றால் டிஜிட்டல் டிலேயின் கீச்சுச் சத்தமும் ஓவர்டிரைவுக்குள் வராது. கிட்டார், ஓவர்டிரைவ், டிலே, ஆம்ப். அந்த வரிசை போதும்.

ஆம்ப் இப்போது கடையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை ஏற்கனவே கழற்றிவிட்டோம் என்றால் பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல தாமிரக் காயிலை எடுத்துக்கொண்டு அலுமினியக் காயில் சுற்றியதைப் போட்டு அனுப்புவது பழைய வித்தை. மாட்டியாகிவிட்டது என்றால், பணம் கொடுக்கும் முன் இன்புட்டில் எதுவும் சொருகாமல் அரை மணி நேரம் அங்கேயே ஓடவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் பெட்டியை வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பழையதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.