ஜன்னலும் கண்ணாடியும்

அன்புள்ள ஐயா,

என் கணவர் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு ஏழு மாதம் ஆகிறது. மூளையின் இடப்பக்கத்தில் காயம். இப்போது நடக்கிறார். நாம் சொல்வது புரிகிறது. பதிலுக்கு ஓரிரு சொல்தான் வருகிறது. "ஆறு மாதத்தில் வந்ததுதான் வரும்" என்கிறார் ஓர் உறவினர். பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடலாமா? ஞாபக சக்தி மாத்திரைகள் உதவுமா? வீட்டுக்கு வருபவர்களைக் காட்டி "இது யார், சொல்லுங்கள்" என்று தினமும் கேட்கிறோம். சரியாகச் சொன்னால் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிறேன். சில நாள் எரிந்து விழுகிறார்.

வி.

அன்புள்ள வி,

நிறுத்தாதீர்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆண்டுகள் கழித்தும் பேச்சு தேறியவர்கள் உண்டு. கெடு விதித்த உறவினரை விட்டுத்தள்ளுங்கள். மாத்திரையைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். விளம்பரம் பார்த்து எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தப் படத்துக்காக. சொந்த வீட்டுக் கூடத்தில் நாள் தவறாமல் வாய்மொழித் தேர்வு, அதுவும் கேமரா முன்னால். எனக்கு வைத்தால் நானும் எரிந்துதான் விழுவேன். பெயர் நாவில் வராததால் ஆளையே தெரியவில்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோகா பரிசோதித்த லெபோர்ன் என்பவர் 21 ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்தவர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். கேட்டது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. கையசைவில் பதில் சொன்னார். கோபம் வந்தால் மட்டும் முழு வசவு ஒன்று தெளிவாக வெளியே வரும்! உங்கள் கணவர் எரிந்து விழும்போது என்ன சொல்கிறார் என்று கவனித்தீர்களா?

திட்டுகிறேனே தவிர, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. என் அண்ணன் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட நான்காம் மாதம், மூக்குக் கண்ணாடியைச் சுட்டி "ஜன்னல்" என்றார். நான் வாயை அகலத் திறந்து, "ஜன்னல் இல்லை, கண்-ணா-டி. எங்கே, சொல்லுங்கள்" என்றேன். என் முதல் கட்டுரையிலிருந்து எனக்குப் பிழை திருத்தியவர் அவர். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க ஒரு சொல் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "அதுவும் இதுவும் பார்ப்பதற்குத்தானே? அவர் தெரு சரி, வீடுதான் ஒன்று தள்ளி. நீங்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரே கண்டுபிடிப்பார்."

வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மகா கஷ்டம். அண்ணன் ஒரு சொல்லைத் தேடும்போது முதலில் உதடு மூடும், கட்டைவிரல் போர்வை ஓரத்தை உருட்டத் தொடங்கும். உருட்டும் வரை சொல் வழியில் இருக்கிறது என்று பொருள். அதற்குள் அண்ணி ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார், நான் இன்னொன்று, வாசலில் நிற்பவர் மூன்றாவது. விரல் நின்றுவிடும். பிறகு மனத்துக்குள் இருபது வரை எண்ணப் பழகினேன். பதினேழில் "பேனா" வந்தது ஒருநாள். இருபது தாண்டியும் வராத நாள்களே அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது ஆண்டாகிறது. அண்ணன் இப்போது சின்ன வாக்கியங்களாகப் பேசுகிறார். கண்ணாடி மட்டும் இன்னும் ஜன்னல்தான். வீட்டில் எல்லோருக்குமே அது ஜன்னலாகிவிட்டது; போன மாதம் கண் மருத்துவரிடம், "இந்த ஜன்னல் போட்டால் தலை வலிக்கிறது" என்று நானே சொல்லிவிட்டேன்.